மூலைக் கட்டத்தில் ஆய்தம்

எதிர்வீட்டுச் சிறுமி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் திண்ணைக்கு வந்து கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொள்வாள். பெரும்பாலும் எதுவும் கேட்க மாட்டாள். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கணக்கு ஓடும், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் நோட்டை என் பக்கம் திருப்பினாள். பத்து எண்கள் எழுதி, பகா எண்களை வட்டமிடச் சொல்லியிருந்தது. 61, 97 இரண்டையும் வட்டமிட்டிருந்தாள், சரி. 51, 57, 91 மூன்றையும் வட்டமிட்டிருந்தாள். கடைசியில் 247. அதன்மேல் பென்சிலை வைத்தபடி கேட்டாள்.

“தாத்தா, இது பகா எண்தான?”

“எப்படிச் சொல்லுத?”

“எந்த வாய்ப்பாட்டுலயும் வரலையே.”

அந்தப் பதிலை இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பகா எண்ணுக்குப் பாடப்புத்தகம் தரும் வரையறை அவளுக்கு நன்றாகத் தெரியும். 1ஐவிடப் பெரியது, 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஓர் எண்ணைக் கையில் கொடுத்ததும் அவள் வரையறையிடம் போகவில்லை, வாய்ப்பாட்டிடம் போனாள். தெரிந்த வாய்ப்பாடுகளையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் 247 என்று சொல்லவில்லை. ஆகவே பகா எண். இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியாது. வாய்ப்பாடுகள் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகுமானால் அவள் சொன்னது துளியும் பிசகாத வரையறை. பிசகு வாய்ப்பாட்டில்தான் இருக்கிறது. அது பத்தோடு நின்றுவிடுகிறது.

மூன்றாம் வாய்ப்பாட்டின் பதினேழாவது படி 51. அதிலேயே பத்தொன்பதாவது படி 57. ஏழாம் வாய்ப்பாட்டின் பதின்மூன்றாவது படி 91. மூன்றும் பத்தைத் தாண்டி இருட்டுக்குள் நிற்கின்றன. எங்கள் காலத்தில் பதினாறாம் வாய்ப்பாடு வரை, ஒவ்வொன்றையும் பதினாறு படி வரை ஒப்பிக்க வேண்டும். பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று முடித்துவிட்டு எழுந்து ஓடுவோம். அதனால் 91 எனக்கு ஒருபோதும் பகா எண்ணாகத் தோன்றியதில்லை. பதின்மூன்றேழு தொண்ணூற்றொன்று என்று காது முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது சுலபமாகிவிட்டது. நான் திட்ட மாட்டேன். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதியும், சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பின்னால் கூவியும் எண்சுவடி கற்ற பிள்ளைகள், முழு எண்களோடு பின்னங்களின் பெருக்கலையும் நாவில் வைத்திருந்தார்கள். நிலத்தையும் நெல்லையும் கூலியையும் கணக்குப் பார்க்க அது போதுமானதாக இருந்தது. என் குறை வேறு. வாய்ப்பாட்டை நாம் ஒரே திசையில் மட்டும் கேட்கிறோம். “ஏழெட்டு?” என்றால் “ஐம்பத்தாறு!” என்று பிள்ளை கத்த வேண்டும். “ஐம்பத்தாறு எங்கிருந்தெல்லாம் வரும்?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். பிள்ளை முதலில் விழிக்கும். பிறகு ஏழெட்டு வரும். கொஞ்சம் பொறுத்தால் இரண்டு இருபத்தெட்டு வரும், அப்புறம் நாலு பதினாலு. கடைசியில், சொல்லலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, ஒன்று ஐம்பத்தாறு. அவ்வளவுதான் காரணிகள். அதற்கென்று ஒரு பாடமும் ஒரு வரையறையும் பயிற்சி ஏழும் வேண்டியதில்லை.

ஆனால் பள்ளியில் பெருக்கல் ஒரு பாடம், வகுத்தல் இன்னொரு பாடம், காரணியும் மடங்கும் மூன்றாவது, பகா எண் நான்காவது, மீப்பெரு பொதுக் காரணியும் மீச்சிறு பொது மடங்கும் ஐந்தாவது. ஒரே மரத்தை ஐந்து துண்டாக அறுத்து ஐந்து மாதத்தில் கொடுக்கிறோம். மீ.பெ.கா., மீ.சி.ம. என்று வரும்போது குழந்தைக்கு அவை யாருடைய இனிஷியலோ என்றுதான் படுகிறது.

அன்று அவளிடம் நான் விடை சொல்லவில்லை. சமையலறையிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவந்து பன்னிரண்டை எண்ணி வைத்தேன். “இதைச் சதுரம் செவ்வகமா அடுக்கு, ஒண்ணும் மிஞ்சக் கூடாது” என்றேன். ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தாள். கலைத்து நாலு நாலாக மூன்று வரிசை. கலைத்து ஒரே நீள வரிசை. அது திண்ணையின் பாதி வரை போயிற்று. அதற்குமேல் வழியில்லை என்று அவளே சொன்னாள். இன்னொரு கொட்டையைச் சேர்த்தேன். பதின்மூன்று. இரண்டு வரிசையாக வைத்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்று வரிசை, மறுபடியும் ஒன்று. நாலிலும் ஒன்று மிஞ்சியது. ஐந்தில் மூன்று மிஞ்சின. ஆறு வரிசை வைத்துப் பார்த்துவிட்டு எரிச்சலோடு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நீட்டி வைத்தாள். “இது ஒத்தை வரிசையிலதான் நிக்கும் தாத்தா.”

ஒத்தை வரிசையில் மட்டும் நிற்கிற எண். இரண்டாவது வரையறையும் அவளே சொல்லிவிட்டாள்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிறகு ஐந்தாம் வகுப்பு வரைக்கும், பிள்ளைகள் பொருள்களைத் தொட்டும் அடுக்கியும் கணக்குப் படிக்கிறார்கள். நல்ல காரியம். ஆறாம் வகுப்பில், பகா எண்ணும் காரணிச் செடியும் வரும்போது, பொருள்கள் மறைந்துவிடுகின்றன; பலகையும் சாக்குக்கட்டியும்தான் மிச்சம். புளியங்கொட்டை சின்னப் பிள்ளைகளுக்கானது என்று எண்ணிவிடுகிறோம். கையால் அடுக்கிப் பார்க்க வேண்டிய காலமே அப்போதுதான் வருகிறது.

நம் மொழி இந்த எண்ணுக்கு வைத்திருக்கும் பெயரை நான் மிகவும் மதிக்கிறேன். பகு என்றால் பிரி, பங்கிடு. பகா என்றால் பிரியாத. இலக்கண வகுப்பில் இதே குழந்தை இதே சொல்லை இன்னொரு முறை சந்திக்கப் போகிறாள். நன்னூலின் பதவியலில் வரும் பகுபதம், பகாப்பதம். பகுதி, விகுதி, இடைநிலை என்று உறுப்புகளாகப் பிரிவது பகுபதம். ‘மண்’, ‘நீர்’ போலப் பிரித்தால் பொருள் அழிந்துபோவது பகாப்பதம். ‘உழவன்’ உடையும், ‘மண்’ உடையாது. 12 உடையும், 13 உடையாது. தமிழாசிரியரும் கணக்காசிரியரும் ஒரே வாரத்தில் பேசிவைத்துக்கொண்டு இந்த இரண்டையும் நடத்தினால் எப்படியிருக்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதை முதன்மை எண் என்பார்கள். அதுவும் உண்மையைத்தான் சொல்கிறது: மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தான் உண்டாகின்றன, இவையே முதல். ஆனாலும் பிள்ளைக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது ‘பகா’தான். முதன்மையை அவள் நம்பித்தான் ஆக வேண்டும். பகாமையைக் கையால் சோதித்துப் பார்க்கலாம்.

பகுத்தல் என்பது ஏட்டுக் கணக்காவதற்கு முன்னால் களத்துமேட்டுக் கணக்கு. நம் பழைய பின்னங்களைப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குகிறது ஒரு வரிசை. ஐந்தில் ஒன்றான நாலுமாவில் தொடங்கி இருமா, ஒருமா, அரைமா, காணி என்று இறங்குகிறது இன்னொன்று. காணியில் பாதி அரைக்காணி, அதில் பாதி முந்திரி. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320ஐ உடைத்தால் ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இதன் விளைவைக் கவனியுங்கள்: அரை முதல் முந்திரி வரையான இத்தனை நுட்பமான வரிசையில் மூன்றில் ஒன்றுக்கு இடமே இல்லை. ஒன்றை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு முந்திரி மிஞ்சும். எவ்வளவு கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளையாலும் அந்த இரண்டை மூன்றாக்க முடியாது. மூன்று ஒரு பகா எண். 320க்குள் அது இல்லை. இல்லாததை எடுக்க முடியாது.

ஆனால் அளவை உண்டாக்கியவர்கள் மூன்றை மறந்துவிடவில்லை. தானிய அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. நெடுக இரண்டாகவே ஏறிவந்து கடைசிப் படியில் மூன்று தூணி ஒரு கலம். அந்த ஒரு மூன்றால்தான் கலம் என்பது பன்னிரண்டு குறுணி, அதாவது பன்னிரண்டு மரக்கால் ஆயிற்று. ஒரு கலம் நெல்லை இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஆறு பேர், பன்னிரண்டு பேர் என எப்படிப் பங்கிட்டாலும் மரக்கால் உடையாது. அண்ணன் தம்பி மூன்று பேர் பங்கு பிரிக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ரூபாயிலும் இது இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. ஒரு ரூபாயை மூன்று கூலியாட்களுக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஐந்து அணா நாலு தம்பிடி, சுத்தமாகப் போய்விடும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. எழுதவும் கூட்டவும் அது எவ்வளவோ எளிது. பழையது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு ரூபாயை மூன்று பேருக்குச் சரியாகப் பிரிக்க முடியாது. 33, 33, 33, ஒரு பைசா மீதி. நூறு என்பது இரண்டிரண்டும் ஐந்தைந்தும் மட்டும்தான். பெரியவர்கள் ‘அந்தக் காலத்துக் காசு பங்குக்கு வரும்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஏக்கம் மட்டும் இல்லை, எண் கணிதமும் இருக்கிறது.

நிறையப் பேருக்குப் பங்குக்கு வருகிற எண்கள்மீது ராமானுஜனுக்குத் தனி ஈடுபாடு இருந்தது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் நீண்ட கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது அந்த ஆராய்ச்சிக்காகத்தான். அந்த வரிசையில் 12 உண்டு, 60 உண்டு, 360 உண்டு. பன்னிரண்டுக்கு ஆறு காரணிகள், அறுபதுக்குப் பன்னிரண்டு, முந்நூற்றறுபதுக்கு இருபத்துநான்கு. நம் அளவைக் கணக்கு செவிடு என்ற தானிய அளவுக்கு 360 நெல் என்கிறது. பங்கிட்டுப் பங்கிட்டுப் பழகிய கைகள் தேர்ந்தெடுத்த எண்ணும் அந்த மேதை வரிசைப்படுத்திய எண்ணும் ஒன்றாக இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை.

ராமானுஜன் பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சி. பிள்ளையின் பெயர், அவர் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. சிவசங்கரநாராயண பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர். எண் கோட்பாட்டில் வாரிங் கணக்கு என்ற பழைய, கடினமான கேள்வியில் உலகம் மதிக்கும் பங்களிப்புச் செய்தவர். 1950 ஆகஸ்டில் பிரின்ஸ்டன் நோக்கிப் புறப்பட்ட பயணத்தில், கெய்ரோவுக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஐம்பதுகூட ஆகவில்லை.

வாரிங் கணக்கை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் 1940இல் அவர் எழுதிய இன்னொன்றைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தெருவில் வரிசையாக இருக்கும் வீடுகள் மாதிரி. அந்த வரிசையில் மற்ற எவரோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது இருக்குமா? வரிசை பதினாறு எண்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எங்கே தொடங்கினாலும் சரி, அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு ஆகிவிட்டால் அந்த உறுதி போய்விடுகிறது. 2184 முதல் 2200 வரை பதினேழு எண்கள். அந்தத் தெருவில் தனித்து நிற்பவர் யாரும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் அதே தெருவில் ஓர் உறவு இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இந்தப் பதினேழு எண்களையும் எழுதி அவளிடம் கொடுத்தேன். “யாருக்காவது சொந்தக்காரங்க இல்லாம இருக்கா, பாரு.” இரட்டைப்படை எண்கள் ஒன்பதையும் ஒரே அடியில் கோடு போட்டு இணைத்துவிட்டாள், இரண்டு அவர்களுக்குப் பொது. 2185, 2195 இரண்டும் ஐந்தில் முடிகின்றன. அவற்றை 2200உடன் சேர்த்தாள். 2187, 2193, 2199 மூன்றுக்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து மூன்றாம் வாய்ப்பாடு என்றாள். மிஞ்சியவை 2189, 2191, 2197. இந்த மூன்றோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். ஏழால் வகுத்தபோது 2191 போயிற்று: ஏழு முந்நூற்றுப் பதின்மூன்று. 2184உம் ஏழில் போகும் என்று கண்டதும் இணைத்தாள். 2200 பதினொன்றால் வகுபடும் என்பது தெரிந்ததும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். 2200இலிருந்து பதினொன்று பின்னால் போனால் 2189. வகுத்துக்கூடப் பார்க்கவில்லை. “அதுவும் வந்துரும் தாத்தா!” 2197 கடைசி. அது பதின்மூன்று பதின்மூன்று பதின்மூன்று, அதாவது பதின்மூன்றின் கனம். 2184உம் பதின்மூன்றில் போகும். எல்லோருக்கும் சொந்தம் கிடைத்துவிட்டது.

அவள் அதற்குப் பயன்படுத்தியவை 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்கள், கொஞ்சம் வகுத்தல், கொஞ்சம் பொறுமை. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை சொன்ன ஒரு செய்தியை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தன் கையால் சரிபார்த்துவிட்டது. அடிப்படைக் கணக்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதன் வீச்சு இவ்வளவு. பதினாறு வரைக்கும் ஏன் ஒருவர் எப்போதும் தப்பித்துவிடுகிறார் என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. நீ பெரியவளாகிப் பிள்ளையின் கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குச் சொல் என்றேன்.

பிள்ளைகள் செய்கிற இரண்டு தவறுகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை சிவப்பு மையால் அடிக்கப்படுகிற அளவுக்கு இழிந்தவை இல்லை. ஒன்று, 1ஐப் பகா எண் என்பது. ஒத்தை வரிசையில் நிற்கிறதே, ஏன் கூடாது என்று பிள்ளை கேட்டால் கேள்வி நியாயமானது. 1914இல் அமெரிக்கக் கணித அறிஞர் டி. என். லேமர் ஒரு கோடி வரையுள்ள பகா எண்களைத் தொகுத்து வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலே 1இல்தான் தொடங்குகிறது. பிறகுதான் அதை விலக்குவது வழக்கமாக நிலைத்தது. காரணம் எளிது. 6 என்பது இரண்டும் மூன்றும் பெருக்கியது. வேறு பகா எண்களால் அதை உண்டாக்க முடியாது. ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு பிறப்பு வழிதான். 1ஐயும் உள்ளே விட்டால், ஒரு ஒன்று, இரண்டு ஒன்று, நூறு ஒன்று என்று எத்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரே வழி குலைந்துபோகும். 1ஐ வெளியே நிறுத்தியது மற்ற எண்களின் ஒழுங்கைக் காப்பதற்காக. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் குறைக்கிறோம்.

இன்னொன்று, பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பகா எண் வந்துவிடும் என்ற நம்பிக்கை. யூக்ளிடின் பழைய நிறுவலை யாரோ பாதியாகச் சொல்லிக் கேட்டதால் வருவது. 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 30031. இந்த ஆறில் எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும், அது உண்மை. ஆனால் 30031 என்பது 59ஐ 509ஆல் பெருக்கியது. யூக்ளிட் சொன்னது, பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்காவது இருந்தே தீரும் என்றுதான். அதனால்தான் பகா எண்கள் தீர்ந்துபோவதில்லை.

247க்கு வருகிறேன்.

“எதுவரைக்கும் வகுத்துப் பாக்கணும் தாத்தா? 246 வரைக்குமா?” என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். புளியங்கொட்டைச் செவ்வகத்தை நினைவூட்டினேன். 247 கொட்டையைச் செவ்வகமாக அடுக்க முடிந்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. குட்டைப் பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இரண்டு பக்கமும் பதினாறு என்றால்? பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அது 247ஐத் தாண்டிவிடுகிறது. ஆகக் குட்டைப் பக்கம் பதினைந்துக்குள்தான் இருக்க வேண்டும். எங்கள் வாத்தியார் எங்களைப் பதினாறோடு எழுந்துபோக விட்டதன் அருமை எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

இரண்டில் வராது, ஒற்றைப்படை. “ரெண்டுலயே வரல, நாலுல எப்படி வரும்?” என்று நாலையும் ஆறையும் எட்டையும் அவளே தள்ளிவிட்டாள். இலக்கங்களைக் கூட்டினால் பதின்மூன்று. மூன்றில் வராது, ஒன்பதிலும் வராது. ஐந்தில் வராது. ஏழில் இரண்டு மிஞ்சும். பதினொன்றில் ஐந்து மிஞ்சும். அதற்குமேல் அவள் வகுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்றாம் வாய்ப்பாடு பள்ளியில் கேட்பதில்லை.

“தமிழ்ல எழுத்து எத்தனை?” என்றேன்.

“இருநூத்தி நாப்பத்தேழு” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நோட்டைப் பார்த்தாள்.

அவள் வீட்டில், தம்பிக்காகச் சுவரில் ஒட்டிய எழுத்து அட்டை இருக்கிறது. போய் அதன்முன் நின்றோம். மேலே குறுக்கே உயிரெழுத்து பன்னிரண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மெய்யெழுத்து பதினெட்டு. நடுவே உயிர்மெய், பதினெட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, 216. பன்னிரண்டும் பதினெட்டும் 216உம் கூட்டினால் 246. ஆய்த எழுத்து ஒன்று. அதை அட்டையின் அடியில் தனியாக அச்சடித்திருந்தார்கள். அட்டையின் மேல் இடது மூலையில், உயிர் வரிசையும் மெய் வரிசையும் சந்திக்கிற இடத்தில், ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது.

“அந்த ஆய்தத்தை அங்க கொண்டுபோய் வை” என்றேன்.

பென்சிலால் மூன்று புள்ளி வைத்தாள். இப்போது வெற்றுக் கட்டம் எதுவும் இல்லை, ஒரு முழுச் செவ்வகம். குறுக்கே எண்ணினாள், பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. கீழே எண்ணினாள், பதினெட்டும் ஒன்றும் பத்தொன்பது. சுவர் முழுக்கப் பதின்மூன்றுக்குப் பத்தொன்பது என்று எழுத்துகள் நின்றுகொண்டிருந்தன. அவள் தினமும் பார்த்த அட்டை.

“அப்ப இது பகு எண்ணு” என்றாள் மெதுவாக.

சிலர் இதில் ரகசியம் தேடுவார்கள். திருக்குறளின் 133 அதிகாரம் ஏழும் பத்தொன்பதும் பெருக்கியது, அங்கேயும் பத்தொன்பது வருகிறது பார் என்பார்கள். நான் அந்த வழியில் போக மாட்டேன். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஒன்றோடொன்று கூடுவதையும், கூடாமல் தனித்து நிற்பதையும் சேர்த்து எண்ணினால் பதின்மூன்றுக்குப் பத்தொன்பது வந்தே தீரும். அது செவ்வகத்தின் இயல்பு. குழந்தைக்குத் தெரிய வேண்டியது அந்த இயல்புதான். அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பது மறுநாள் தெரிந்தது. 51ஐயும் 57ஐயும் 91ஐயும் யாரும் சொல்லாமலே அழித்துத் திருத்தியிருந்தாள். 97ஐ மட்டும் இரண்டாம் முறை சோதித்துவிட்டு வட்டத்தை அப்படியே விட்டிருந்தாள். “ஏழோட நிறுத்திக்கிட்டேன், ஏன்னா பத்துப் பத்து நூறு” என்றாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இன்றைக்கு ஒரு தாளில் 221 என்று எழுதிக் கொடுங்கள். கை நிறையப் புளியங்கொட்டையும் கொடுங்கள். எத்தனை நாளானாலும் விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.